ஸ்டிக்கர் சொல்லாத கணக்கு

நடுத்தர விலை லேப்டாப்பின் உடல், திரை, அன்றாட வேகம்: எங்கே பணம் செலவாகிறது, எங்கே மிச்சம் பிடிக்கப்படுகிறது?

வெள்ளை விளக்குகள் நிறைந்த மின்னணுக் கடை அரங்கில் இருபது லேப்டாப்புகள் ஒரே கோணத்தில் திறந்து நிற்கின்றன. எல்லாத் திரைகளிலும் பனிமலையும் நீல ஏரியும் கிளியின் இறகும் மாறிமாறி ஓடுகின்றன. ஒவ்வொன்றின் ஒளியும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் சார்ஜரோடு இணைக்கப்பட்டிருக்கிறது, அரங்கில் குளிர்சாதனம் இயங்குகிறது. மணிக்கட்டு படும் இடத்தில் வண்ண ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கின்றன: செயலியின் பெயர், 16 ஜிபி, 512 ஜிபி, ஃபுல் எச்டி. ஒரு மாதம் கழித்து அதே இயந்திரம் ஜன்னலோர மேசை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, மின்தடைக்கு நடுவே பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் கணக்குத் தாளின் கட்டங்களைவிட ஜன்னல் கம்பிகளின் நிழலுருவே தெளிவாகத் தெரிகிறது, அடியில் ஃபேன் இரைகிறது, பேட்டரியின் அளவு கண்ணெதிரே இறங்குகிறது. ஸ்டிக்கரில் இருந்த எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை; ஆனால் இந்தப் பிற்பகலைப் பற்றி அவற்றில் ஒன்றும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 45,000 ரூபாயிலிருந்து 75,000 ரூபாய் வரையிலான லேப்டாப்புகளை நடுத்தர விலை வகை என்று வணிகர்கள் சொல்வதுண்டு. இதற்குக் கீழே எல்லா உறுப்புகளிலும் சிக்கனம் வெளிப்படையாகவே தெரியும். இதற்கு வெகு மேலே சிக்கனத்துக்குத் தேவையில்லை. இடைப்பட்ட இந்த விலையில் எல்லாவற்றையும் சிறப்பாகச் செய்ய இடமில்லாததால், தயாரிப்பாளர் எங்கேனும் குறைத்தாக வேண்டும். ஸ்டிக்கரில் அச்சாகும் உறுப்பில் குறைத்தால் விற்பனை பாதிக்கும் என்பதால், அச்சாகாத உறுப்புகளில்தான் கை வைக்கப்படுகிறது. ஆகவே நடுத்தர விலை லேப்டாப்பை எடைபோடுவது என்பது பெரும்பாலும், அதில் எது குறைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையே.

ஏன் இப்போது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் செயலியையும் அதற்குப் பிந்தையவற்றையும் கோருவதால், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரங்கள் பலவும் ஒரே நாளில் காலாவதிப் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால் ராம் விலை உலகெங்கும் ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு நேரடியாக விற்றுவந்த நினைவகத் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. பழையதை வைத்துக்கொள்ளவும் முடியாமல், புதியதை மலிவாக வாங்கவும் முடியாமல் வாடிக்கையாளர் நடுவே நிற்கும் காலம் இது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் பல குடும்பங்களுக்குள் முதல் லேப்டாப்பைக் கொண்டுவந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் வழங்கும் அறிவிப்பு மீண்டும் வந்தது. அரசு வழங்கும் கருவியில் தேர்வுப் பொறுப்பு அரசினுடையது. குடும்பம் சொந்தப் பணத்தில் வாங்கும்போது அந்தப் பொறுப்பு முழுவதும் வாங்குபவர்மேல் விழுகிறது.

உடல்: மூடியின் பளபளப்பும் கீலின் பலமும்

“மெட்டல் பாடி” என்ற விளம்பரச் சொல் இந்த விலையில் பெரும்பாலும் மேல்மூடியை மட்டுமே குறிக்கும். மூடி அலுமினியமாகவும், விசைப்பலகை பதிந்த தளமும் அடிப்பாகமும் பிளாஸ்டிக்காகவும் இருப்பது வழக்கம். பிளாஸ்டிக் என்பதே குறையன்று, ஏனெனில் கண்ணாடியிழை கலந்த நல்ல பிளாஸ்டிக் மெல்லிய அலுமினியத் தகட்டைவிடச் சில அதிர்ச்சிகளை நன்றாகத் தாங்கும். உண்மையான சோதனை இடம் கீல், அதாவது மூடியையும் உடலையும் இணைக்கும், பழுது பார்ப்போர் ஹிஞ்ச் என்று சொல்லும் உலோகத் துண்டு. பல மாதிரிகளில் இந்த உலோகத் துண்டு, பிளாஸ்டிக் தூண்களுக்குள் சூடாக்கிப் பதித்த சிறிய பித்தளை மரைகளில் ஸ்க்ரூவால் பிணைக்கப்படுகிறது. மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் தினமும் திறக்கும்போது முறுக்கு விசை முழுவதும் அந்தத் தூண்களில் இறங்கி, சில ஆண்டுகளில் தூண் பெயர்ந்து, மூடியின் ஓரம் வாய் பிளக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து மாவட்டத் தலைநகரங்கள் வரை பழுது பார்க்கும் கடைகளின் மேசைகளில் இத்தகைய இயந்திரங்களைத் தவறாமல் காணலாம்.

“ராணுவத் தரம்” என்ற முத்திரையும் இங்கே விளக்கத்துக்குரியது. மில்-எஸ்டிடி-810எச் என்பது 2019இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனைகளை எந்த அளவில் செய்வது என்று தேர்வது தயாரிப்பாளரே. தேர்ச்சிச் சான்றிதழ் வழங்கும் பொது அமைப்பு எதுவும் இதன் பின்னால் இல்லை. முத்திரை இருப்பது நல்லதே என்றாலும், எந்தச் சோதனைகள் நடந்தன என்ற பட்டியல் இல்லாத முத்திரைக்குத் தனி மதிப்பு கொடுக்க வேண்டியதில்லை.

விசைப்பலகையில் கவனிக்க வேண்டியது விசை இறங்கும் ஆழம். 1.3 மில்லிமீட்டருக்கும் 1.5 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு காகிதத்தில் அற்பமாகத் தோன்றும். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் அடிப்பவரின் விரல்நுனிக்கு அது தெரியும். 15.6 அங்குல இயந்திரங்களில் வலப்புறம் எண் விசைகளுக்கு இடம் ஒதுக்கப்படுவதால் எழுத்து விசைகள் இடப்பக்கம் நகர்கின்றன. கணக்கு எழுதுவோருக்கு அது வசதி. கட்டுரை எழுதுவோருக்கோ திரையின் நடுவைப் பார்க்கக் கழுத்தைச் சற்றுத் திருப்ப வேண்டிய சுமை. சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவருக்கு, விசைகளின்மேல் தமிழ் எழுத்து அச்சாகி வருவதில்லை. மனப்பாடத்தை நம்பியே விரல் நகர்வதால், விசைகளின் இடைவெளியும் வழக்கமான வரிசையும் மாறாதிருப்பது அவருக்கு மேலும் முக்கியமாகிறது.

உலோக உடலில் கையை வைத்தால் மெல்லிய கூச்சம் ஏற்படுவதாகப் பலர் சொல்வதுண்டு. சார்ஜருக்குள் மின்காந்த இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கி வழியாக மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் உடலுக்கு வருவதும், நிலத்தொடர்பு இல்லாத இரு முள் செருகியில் அது இறங்க வழியில்லாமற்போவதும் இதன் காரணம். இது பொதுவாக ஆபத்தற்ற அளவே என்றாலும், மூன்று முள் சார்ஜரை முறையாக எர்த் இணைப்புள்ள பிளக்கில் செருகினால் மறைந்துவிடும்.

திரை: மிச்சம் பிடிக்க எளிய இடம்

பயனர் ஒரு நாளில் விசைப்பலகையைச் சில ஆயிரம் முறை தொடலாம், செயலியின் முழு வேகத்தைச் சில நிமிடங்கள் மட்டும் கேட்கலாம். ஆனால் இயந்திரம் திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அவர் கண் திரைமேல்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் விலைப்பட்டியலில் திரையைப் பற்றி “15.6 அங்குலம், ஃபுல் எச்டி” என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு சொற்களுக்குள் நல்ல திரையும் அடங்கும், மட்டமான திரையும் அடங்கும்.

முதலில் கூர்மை. ஃபுல் எச்டி என்பது 1920 × 1080 புள்ளிகள். 15.6 அங்குலத் திரையில் இது அங்குலத்துக்கு 141 புள்ளிகளையும், பழைய 1366 × 768 அமைப்பு ஏறத்தாழ 100 புள்ளிகளையும் தருகின்றன. தமிழ் படிப்பவருக்கு இந்த வேறுபாடு ஆங்கிலம் படிப்பவரைவிடக் கூடுதலாகப் பொருள்படும். ‘ன’கரத்துக்கும் ‘ண’கரத்துக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு, ‘ணு’, ‘ஞூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளில் வளைவுகள் ஒன்றை ஒன்று நெருங்கி நிற்கின்றன. புள்ளிகள் குறைவான திரையில் சிறிய அளவில் இவை கறுப்புத் திட்டாகக் கலந்துவிடும்போது படிப்பவர் எழுத்தின் அளவைப் பெரிதாக்குகிறார், பெரிதாக்கியதும் பக்கத்தில் வரிகள் குறைகின்றன. அண்மைக் காலத்தில் பரவலாகிவிட்ட 16:10 விகிதத் திரைகள், 1920 × 1200 புள்ளிகளோடு, உயரத்தில் 120 வரிசைகளைக் கூடுதலாகத் தருகின்றன. ஆவணம் படிப்பதற்கும் கணக்குத் தாள் பார்ப்பதற்கும் இந்த ஒன்பதில் ஒரு பங்கு உயரம் கையோடு தெரியும் பயன்.

அடுத்தது ஒளி. திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு நிட், அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா. 250 நிட் திரை இரவு விளக்கிலும் மூடிய அறையிலும் போதும். ஜன்னலோரத்திலும் திண்ணையிலும் போதாது. 300 நிட் சமாளிக்கும். 400 நிட் நிம்மதி தரும். விலைப்பட்டியலில் நிட் எண் குறிப்பிடப்படாதிருந்தால் அது 250ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனெனில் பெருமைப்படக்கூடிய எண்ணை எந்தத் தயாரிப்பாளரும் மறைப்பதில்லை. சொரசொரப்பான மேற்பூச்சு கொண்ட மேட் திரை எதிரொளியைச் சிதறடிப்பதால் குறைந்த ஒளியிலும் ஓரளவு படிக்க உதவுகிறது. பளபளப்பான திரைக்கு அந்த உதவி கிடையாது.

மூன்றாவது நிறம். ஒரு திரையால் எத்தனை நிறங்களைக் காட்ட முடியும் என்பது நிறப்பரப்பு எனப்படும். இணையத்தில் உள்ள படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் 1990களில் வகுக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி என்னும் அளவுகோலை ஒட்டி உருவாக்கப்படுகின்றன. லேப்டாப் விவரத்தாளிலோ 1953ஆம் ஆண்டின் வண்ணத் தொலைக்காட்சித் தரமான என்டிஎஸ்சி அளவுகோலில் “45 விழுக்காடு” என்று எழுதப்பட்டிருக்கும். அது எஸ்ஆர்ஜிபி கணக்கில் 60 விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவே. 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்றால்தான் எஸ்ஆர்ஜிபி ஏறத்தாழ முழுமையாகிறது. இதன் விளைவு வெறும் அழகியல் குறையன்று. 45 விழுக்காட்டுத் திரையில் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடுவதால், அரக்குப் பட்டுக்கும் குங்குமச் சிவப்புக்கும் வேறுபாடு தேய்கிறது. இணையத்தில் புடவை விற்பவர் அந்தத் திரையைப் பார்த்து நிறத்தைத் திருத்தினால், வாங்குபவரின் கைபேசியில் அது வேறு நிறமாகத் தோன்றி, புடவை திரும்பி வருகிறது.

ஓஎல்இடி திரைகளும் இப்போது இந்த விலைக்கு இறங்கி வந்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பாகவும் நிறங்கள் செறிவாகவும் கிடைக்கின்றன. விலையாக இரண்டு குறைகளை ஏற்க வேண்டும். ஒளியைக் குறைக்கும்போது பல ஓஎல்இடி திரைகள் வேகமாக அணைந்து எரிவதால், சிலருக்குத் தலைவலியும் கண் களைப்பும் வருகின்றன. பணிப்பட்டை போன்ற அசையாத உருவங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் திரையில் நிழலாகப் பதியும் வாய்ப்பும் உண்டு. படம் பார்ப்பவருக்கும் புகைப்படம் திருத்துபவருக்கும் இது நல்ல தேர்வு. நாள் முழுவதும் ஒரே மென்பொருளில் கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு ஐபிஎஸ் வகை எல்சிடி திரையே பொருத்தம்.

பெட்டிச் செய்தி: விவரத்தாளில் தேட வேண்டிய திரைச் சொற்கள்

• ஐபிஎஸ்: பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத எல்சிடி வகை. டிஎன் என்றால் தவிர்க்கலாம்.
• 300 நிட்: குறைந்தபட்சத் தேவை.
• 72 விழுக்காடு என்டிஎஸ்சி அல்லது 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி: இரண்டும் நடைமுறையில் ஒன்றே.
• 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ்: திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. அன்றாட வேலைக்கு 60 போதும்.
• 16:10: படிக்கவும் எழுதவும் கூடுதல் உயரம்.

செயலி: பெயருக்குள் ஒளிந்த வயது

செயலி என்பது கணக்கிடும் சில்லு. ஸ்டிக்கர்களில் பெரியது அதற்குத்தான். ஆனால் பெயரில் உள்ள எண் புதிதாக இருப்பதால் உள்ளே இருப்பதும் புதியது என்று கொள்ள முடியாது. ஏஎம்டி நிறுவனத்தின் 7000 வரிசைப் பெயர்களில் முதல் இலக்கம் விற்பனைக்கு வந்த ஆண்டையும், மூன்றாம் இலக்கம் உள்ளமைப்பின் தலைமுறையையும் குறிக்கும். ரைசன் 5 7520யூ என்பதில் மூன்றாம் இடத்தில் 2 நிற்கிறது. அது 2019இல் அறிமுகமான ஸென் 2 அமைப்பு, நான்கு கோர்கள். ரைசன் 5 7530யூ என்பதில் 3 நிற்கிறது. அது ஸென் 3 அமைப்பு, ஆறு கோர்கள். பெயரில் ஒரே ஓர் இலக்கம் மாறும்போது உள்ளே ஒரு தலைமுறையும் இரண்டு கோர்களும் மாறுகின்றன. இன்டெல் தரப்பிலும், 2024 தொடக்கத்தில் புதுப் பெயரோடு வந்த கோர் 5 120யூ, அடிப்படையில் 13ஆம் தலைமுறையின் ஐ5-1335யூ போலவே இரண்டு வேகக் கோர்களும் எட்டுச் சிக்கனக் கோர்களும் கொண்டது.

எண்ணைவிடக் கடைசி எழுத்து அதிகம் சொல்கிறது. யூ என்று முடியும் செயலிகள் 15 வாட் அளவிலான மின்சிக்கனத்துக்காகவும், எச் என்று முடிபவை 45 வாட் வரையிலான தொடர் உழைப்புக்காகவும் வடிவமைக்கப்பட்டவை. காணொளித் தொகுப்பும் பொறியியல் மென்பொருளும் எச் வகையைக் கேட்கும். கட்டுரை, கணக்கு, இணைய வகுப்பு ஆகியவற்றுக்கு யூ வகை நிறைவானது. தேவையின்றி எச் வாங்கியவர் அதன் வேகத்தை எப்போதோ ஒருமுறை பயன்படுத்துகிறார். அதன் சூட்டையும் ஃபேன் இரைச்சலையும் பேட்டரிச் செலவையும் அடிக்கடி சுமக்கிறார்.

செயற்கை நுண்ணறிவு ஸ்டிக்கரும் இப்போது கூடியிருக்கிறது. 2024இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் பிளஸ் தகுதிக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்கீடுகளைச் செய்யும் தனி நரம்பியல் செயலகமும் 16 ஜிபி ராமும் தேவை. அந்தத் தகுதி இல்லாத இயந்திரத்திலும் “ஏஐ” என்ற எழுத்துகளை ஒட்டத் தடையில்லை. இணையத்தின் வழியே இயங்கும் உரையாடல் செயலிகளுக்கு இத்தகைய செயலகம் தேவையே இல்லை, ஏனெனில் அங்கே கணக்கீடு தொலைவில் உள்ள தரவு மையத்தில் நடக்கிறது.

ராமும் சேமிப்பும்: ஒன்றா, இரண்டா?

அன்றாட வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செயலியன்று. ராம் எனப்படும் தற்காலிக நினைவகமே. இயங்குதளமும் பின்னணி மென்பொருள்களும் தமக்குரியதை எடுத்தபின் எஞ்சியதில்தான் உலாவியின் இருபது தாவல்களும் வாட்ஸாப்பும் காணொளி அழைப்பும் இடம் பிடிக்க வேண்டும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத இயந்திரங்களில் படம் வரையும் பகுதியும் இதே ராமிலிருந்து கடன் வாங்குகிறது. 8 ஜிபி இன்று நெருக்கடி. 16 ஜிபி இயல்பு.

அளவோடு அமைப்பையும் கேட்க வேண்டும். 16 ஜிபி ஒரே துண்டாக இருந்தால் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒரே பாதை. 8 ஜிபி துண்டுகள் இரண்டாக இருந்தால் இரண்டு பாதைகள். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்னும் உள்ளமை கிராபிக்ஸ், ஒற்றைப் பாதையில் தன் பெயரையே இழந்து “யூஎச்டி கிராபிக்ஸ்” என்று விண்டோஸில் காட்டிக்கொள்கிறது. ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ஒரே “16 ஜிபி”தான். இன்னொரு கேள்வி, ராம் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பது. மெலிதான இயந்திரங்களில் மின்சிக்கனமுள்ள எல்பிடிடிஆர் நினைவகம் பொதுவாகப் பற்றவைத்தே வருகிறது; மேலே சொன்ன 7520யூ ஏற்பது எல்பிடிடிஆர்5 வகை நினைவகத்தையே. அப்படிப்பட்டதை 8 ஜிபியோடு வாங்கினால், ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான்.

சேமிப்பில் எஸ்எஸ்டி இல்லாத புதிய இயந்திரம் அரிதாகிவிட்டது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் நொடிக்கு 3,500 மெகாபைட் வாசிப்பதற்கும் 7,000 வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு, ஆவணம் திறப்பவருக்குத் தெரியாது. 512 ஜிபி என்று வாங்கியதை விண்டோஸ் 476 என்று காட்டும்போது ஏமாற்றம் நேர்ந்ததாக எண்ண வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஆயிரங்களிலும் விண்டோஸ் 1,024களிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

வெயிலும் பேட்டரியும்: முதல் நிமிடமும் பத்தாவது நிமிடமும்

ஐ5-1335யூ செயலியின் அடிப்படை மின்னளவு 15 வாட், உச்சம் 55 வாட். உச்சம் என்பது குறுகிய ஓட்டம். சூடு ஏறியதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நிமிடச் சோதனையில் ஒரே மதிப்பெண் பெறும் இரண்டு இயந்திரங்கள், ஒரே சோதனையைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் வெகுவாக விலகிப்போகலாம். அந்த விலக்கத்தை உண்டாக்குவது செயலியன்று. அதைக் குளிர்விக்கும் செம்புக் குழாயும் ஃபேனும் காற்று வெளியேறும் துளைகளுமே. செயலி ஒன்றே, இயந்திரங்கள் வேறு, வேகமும் வேறு என்ற புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

லேப்டாப்புகளின் இயக்க வெப்பநிலை வரம்பாகத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸைக் குறிப்பிடுகிறார்கள். வேலூரிலோ மதுரையிலோ அக்னி நட்சத்திர நாட்களில் குளிர்சாதனமில்லாத அறை அந்த வரம்பை எளிதாகத் தாண்டும். அடிப்பாகத்தால் காற்றை உறிஞ்சும் இயந்திரத்தை மெத்தைமேல் வைத்தால் மூச்சை அடைத்தது போலாகும். சூடு செயலியை மெதுவாக்குவதோடு நிற்பதில்லை. லித்தியம்-அயான் பேட்டரியின் ஆயுளையும் தின்கிறது.

பேட்டரியின் அளவு வாட்-மணியில் சொல்லப்படுகிறது. 50 வாட்-மணி பேட்டரியுள்ள இயந்திரம் எழுத்து வேலையில் 8 வாட் இழுத்தால் ஆறே கால் மணி நேரம் வரும். காணொளி அழைப்பில் 15 வாட் இழுத்தால் மூன்று மணி இருபது நிமிடத்தில் தீரும். சில ஆண்டுகளில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இவை ஐந்து மணியாகவும் இரண்டு மணி நாற்பது நிமிடமாகவும் சுருங்கும். “12 மணி நேரம்” என்ற விளம்பரம், திரையொளியைத் தாழ்த்தி வைத்துக் காணொளி ஓட்டிப் பெற்ற எண்ணாக இருப்பது வழக்கம். எப்போதும் சார்ஜரில் வைத்துப் பயன்படுத்துவோர், பல தயாரிப்பாளர்கள் தரும் 80 விழுக்காட்டு வரம்பை இயக்கி வைத்தால் பேட்டரியின் தேய்மானம் குறையும்.

பெட்டிச் செய்தி: கடையில் பத்து நிமிடம்

1. மூடியை நடுவில் பிடித்து ஒரு கையால் திறந்து பார்க்க வேண்டும். கீல் முரண்டு பிடித்தால் எச்சரிக்கை.
2. விசைப்பலகையின் நடுவை அழுத்தினால் தளம் பள்ளமாக வளைகிறதா?
3. திரையொளியைப் பாதியாக்கி, வெள்ளைப் பக்கத்தில் சிறிய தமிழ் எழுத்துகளைப் படிக்க வேண்டும்.
4. நன்கறிந்த சிவப்பு நிறப் படம் ஒன்றைக் கைபேசியிலும் திரையிலும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.
5. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளன என்பது தெரியும்.
6. சார்ஜரைக் கழற்றிவிட்டு மூன்று நிமிடம் வேலை செய்து, வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழுது வரும் நாள்

வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. இந்த விலையில் உத்தரவாதம் பொதுவாக ஓர் ஆண்டு. அது வீட்டுக்கு வந்து சரிசெய்யும் வகையா, சேவை மையத்துக்குச் சுமந்து செல்லும் வகையா என்பது, சேவை மையமில்லாத ஊர்க்காரருக்கு முழு நாள் பயணத்தின் கேள்வி. கீல் பெயர்வதும் திரையில் கோடு விழுவதும் “பயனரின் கைப்பிழை” என்று வகைப்படுத்தப்பட்டால் உத்தரவாதம் நீங்கிவிடும். ஆகவே விபத்துச் சேதத்துக்கான கூடுதல் காப்பை, குறிப்பாக விடுதி மாணவருக்கு, வாங்கும் நாளிலேயே கணக்கில் சேர்ப்பது நல்லது.

இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் திறந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய ஊர் எதுவாயினும் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த உரிமைகள் எல்லாம் பில்லையும் விவரத்தாளையும் சார்ந்து நிற்பதால், கடைக்காரர் வாயால் சொன்ன “நல்ல டிஸ்ப்ளே சார்” என்ற உறுதிமொழிக்கு ஆணையத்தின் முன் எடையில்லை; 300 நிட் என்று எழுதித் தந்த தாளுக்கு உண்டு.

தீர்ப்பு

60,000 ரூபாயோடு கடைக்குப் போகும் கல்லூரி மாணவருக்கும், அலுவலக ஊழியருக்கும், எழுதுவோருக்கும், செயலியில் ஒரு படி இறங்கித் திரையிலும் ராமிலும் ஒரு படி ஏறுவதே இலாபம்: யூ வகைச் செயலி, இரட்டைப் பாதையில் 16 ஜிபி, 300 நிட்டுக்குக் குறையாத முழு எஸ்ஆர்ஜிபி திரை, 50 வாட்-மணிக்குக் குறையாத பேட்டரி. காணொளித் தொகுப்பாளரும் பொறியியல் மாணவரும் எடையையும் பேட்டரியையும் விட்டுக்கொடுத்து எச் வகைக்குப் போகலாம். ஆனால் அவர்களும் திரையை விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏனெனில் ராமையும் எஸ்எஸ்டியையும் பல இயந்திரங்களில் பின்னர் மாற்ற முடிகிறது, மட்டமான திரையோடோ ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும்.

கடைக்குச் செல்பவர் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும்: திரை எத்தனை நிட், நிறப்பரப்பு எவ்வளவு, ராம் பற்றவைத்ததா, உத்தரவாதம் வீட்டுக்கு வருமா? நான்குக்கும் எழுத்தில் விடை கிடைக்காத இயந்திரத்தை, தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும், அரங்கிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.